15,000 ரூபாய்க்குப் பழைய ஐ7 வாங்கலாமா, 27,500-க்குப் புது ஐ3 வாங்கலாமா?

திண்ணைவானொலி

அக்கா மகள் இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வேண்டும். இப்போதைக்குப் பைத்தான், ஜாவா. அடுத்த வருடம் மொபைல் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வரும் என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்களாம். கேம் ஆடும் பழக்கம் இல்லை. மானிட்டர் இருக்கிறது, பெட்டிக்கு மட்டும் அதிகபட்சம் 28,000 ரூபாய்.

சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவில் சுற்றியதில் இரண்டு தேறின. ஒன்று செகண்ட் ஹேண்ட்: "ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி", 15,000. இன்னொன்று புதிதாக அசெம்பிள் செய்து தருவது: ஐ3-12100, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 27,500.

"ஐ7 தானே பெரியது, காசும் மிச்சமாகுதே" என்கிறாள் அக்கா. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சால்டரிங்புகை

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கடைக்காரர் ஐ7 என்று மட்டும் சொன்னாரா, முழு எண்ணையும் சொன்னாரா?

ஐ7 என்பது மாடல் இல்லை, இன்டெல் சிபியுவில் (கணினியின் மூளையான சில்லு) ஒரு வகுப்பின் பெயர். 2008 நவம்பரில் வந்த ஐ7-920-உம் ஐ7 தான், 2022-இல் வந்த ஐ7-12700-உம் ஐ7 தான். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை: 2600 இரண்டாம் தலைமுறை, 4790 நான்காம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டும் தலைமுறை: 12100 பன்னிரண்டாம் தலைமுறை. 860, 920 என்று மூன்றே இலக்கம் இருந்தால் அது முதல் தலைமுறை, அந்தப் பக்கமே போக வேண்டாம். அதில் ஏவிஎக்ஸ் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) கிடையாது. மருமகள் நாளைக்கு இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோ நிறுவினால், 1.6 பதிப்பிலிருந்து வரும் அதிகாரப்பூர்வத் தொகுப்பு எதுவும் அதில் ஓடாது.

திரும்பப் போகும்போது பெட்டியை ஆன் செய்யச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பெயரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பிறகு பேசலாம்.

கணக்குப்பிள்ளை

வேலையைப் பொறுத்தது. எங்கள் அலுவலகத்தில் ஐ7-4790 போட்ட நான்கு பெட்டிகள் பத்து வருடத்துக்கு மேலாக டேலியும் எக்செலும் ஓட்டுகின்றன. 2.5 அங்குல எஸ்எஸ்டி மாற்றியதோடு சரி, வேறு செலவு இல்லை.

புதிது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி நான் நொந்திருக்கிறேன். பையனுக்குச் செலரான் என்4020 லேப்டாப், சீல் உடைக்காத புதிது, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு). இரண்டு கோர் (சில்லுக்குள் வேலை செய்யும் மையம்), இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), அவ்வளவுதான். ஆன்லைன் வகுப்பையும் பிரவுசரில் நான்கு டேபையும் சேர்த்துத் திறந்தால் நின்றுவிடும். ரேமையும் போர்டோடு ஒட்டிவிட்டார்கள், கூட்ட வழியில்லை. அலுவலகத்தின் பழைய 4790 அதைவிடப் பல மடங்கு வேகம்.

எட்டாம்கரு

பழசை எல்லோரும் சேர்ந்து குப்பையாக்கிவிடாதீர்கள். நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஜியான் இ5-2680 வி4, 14 கோர், 28 த்ரெட். 2016-இல் சர்வர்களுக்காக வந்த சில்லு, அன்றைக்கு ஒரு சில்லின் விலையே ஆயிரம் டாலரைத் தாண்டும். டேட்டா சென்டர்கள் கழற்றிப் போட்டதால் இன்றைக்குச் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. சீன எக்ஸ்99 போர்டில் 64 ஜிபி சர்வர் ரேமோடு போட்டிருக்கிறேன். புது ஐ3 வாங்கும் காசுதான் மொத்தமும் ஆனது. ரெண்டரில் (எடிட் முடிந்ததை இறுதி வீடியோவாக்குவதில்) அந்த ஐ3 எனக்குப் பக்கத்தில்கூட வராது. நான்கு கோர் எங்கே, பதினான்கு கோர் எங்கே?

சால்டரிங்புகை

@எட்டாம்கரு ரெண்டரில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் நிரப்புகிற வேலையில் பழைய ஜியான் இன்றைக்கும் நின்று அடிக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இப்போதைய கேமராவில் எடுத்த 4:2:2 10-பிட் எச்.265 கிளிப்பை (வண்ண விவரம் கூடுதலாக வைத்து, இறுக்கிச் சுருக்கிய வீடியோ) டைம்லைனில் நேரடியாகப் போட்டு இழுத்தால் என்ன ஆகிறது?

எட்டாம்கரு

திணறும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதலில் ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் எடை குறைந்த நகல்) போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது, ஆனால் இதற்கு அது உதவவில்லை.

சால்டரிங்புகை

நான் சொல்ல வந்ததும் அதுதான். உங்கள் ஜியானில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. என்விடியாவிலும் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு 4:2:2-ஐப் பிரித்துப் படமாக்கும் வன்பொருள் இல்லை. அதனால் அந்தப் பாரம் முழுக்க 14 கோர் தலையிலும் விழுகிறது. ஐ3-12100-க்குள் இருக்கும் யுஎச்டி 730 சின்ன கிராபிக்ஸ்தான். ஆனால் எச்.265 4:2:2 10-பிட்டைப் பிரிப்பதற்கென்றே அதற்குள் தனிச் சுற்று இருக்கிறது, ஏவி1 என்ற இன்னொரு வீடியோ வடிவத்தைப் பிரிக்கவும் இருக்கிறது. இந்த ஒரு வேலையில் பட்ஜெட் சில்லு சர்வர் சில்லை முந்திவிடும். கோர் எண்ணிக்கையில் இது தெரியாது, பெஞ்ச்மார்க் பட்டியலிலும் தெரியாது. உங்கள் ரெண்டர் பெட்டியை விற்காதீர்கள், அது அதன் வேலையைச் செய்யட்டும். பக்கத்தில் ஒரு 12100 வைத்து அதில் எடிட் செய்தால் ப்ராக்ஸிக்குப் போகும் இரவு உங்களுக்கு மிச்சம்.

எட்டாம்கரு

இப்படி நான் யோசித்ததே இல்லை அண்ணா. ஒரு நண்பரிடம் 12400 இருக்கிறது, போன முகூர்த்தத்தின் கிளிப்பை எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கிறேன்.

வரிசைமாற்றி

என் வேலை சில்லு வடிவமைப்போடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். "இதுவும் நாலு கோர், அதுவும் நாலு கோர், ஜிகாஹெர்ட்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிறகு எப்படி ஐ3 வேகம்?" என்ற கேள்வியைத்தான் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

ஜிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. 2006-இல் இதை உலகமே பார்த்தது. பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷன் 965, 3.73 ஜிகாஹெர்ட்ஸ், 130 வாட், 999 டாலர். அதே வருடம் ஜூலையில் வந்த கோர் 2 டுவோ இ6300, 1.86 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட், 183 டாலர். துடிப்பு பாதி, விலை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னது பெரியதைப் பல சோதனைகளில் எட்டிப் பிடித்தது, சிலவற்றில் தாண்டியும் போனது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பரிமாறுகிறார்கள் என்பது ஒன்று. பந்தி விசாரிக்கிறவர் எத்தனை இலைக்கு முன்னால் கண்ணை ஓட்டி, "அங்கே சாம்பார் தீரப்போகிறது, இங்கே ரசம் கொண்டுவா" என்று சொல்கிறார் என்பது இன்னொன்று. 2011-இன் ஐ7-2600 ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகளைப் பிரித்து எடுக்கும், 168 கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது தயாரோ அதை முதலில் முடிக்கும். 2015-இன் ஐ7-6700-இல் அந்த 168 என்பது 224 ஆனது. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-இல் ஒரு துடிப்புக்கு ஆறு, கையில் 512. விசாரிக்கிறவரின் பார்வை மூன்று மடங்கு தூரம் போகிறது. ரசம் வரும்வரை ஒரு இலை காத்திருந்தால், அந்த நேரத்தில் அவர் மற்ற இலைகளைக் கவனித்துவிடுவார்.

ரேம் வரும்வரை காத்திருக்கும் நேரமும் குறைந்துவிட்டது. 2600-இல் ஒரு கோருக்கு 256 கேபி இரண்டாம் நிலை கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்), டிடிஆர்3-1333 ரேம். 12100-இல் ஒரு கோருக்கு 1.25 எம்பி, பொதுக் கேஷ் 8-க்குப் பதில் 12 எம்பி, டிடிஆர்4-3200.

அதே நேரம், வருடம் ஓடினால் வேகம் தானாகக் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். 2011 முதல் 2017 தொடக்கம் வரை இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் ஐ7 நான்கு கோர், எட்டு த்ரெட் என்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கு 2600கே வாங்கியவர் ஆறு வருடம் மாற்றாமல் இருந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. 2017 மார்ச்சில் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் சில்லு வந்து எட்டுக் கோரைச் சாதாரண மதர்போர்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. அதே வருடம் ஐ3-8100 நான்கு கோருக்கு ஏறியது. 2020-இல் ஐ3-10100 நான்கு கோர், எட்டு த்ரெட், 4.3 ஜிகாஹெர்ட்ஸ் வரை டர்போ (தேவைப்படும்போது ஏறும் வேகம்) என்று வந்தது. கேஷ் கொஞ்சம் குறைவு என்பதை விட்டால் அது 2017-இன் ஐ7-7700 தான். 303 டாலருக்கு விற்றது மூன்று வருடத்தில் 122 டாலருக்கு ஐ3 என்ற பெயரில் வந்தது. 12100 அதையும் தாண்டிய அடுத்த படி.

ஆக, 12100-ஐ ஐ7-7700கே-யோடு வைத்தால் ஒற்றைக் கோர் வேகத்தில் கால் பங்குக்குக் குறையாமல் முன்னால் நிற்கும். 4790-ஓடு வைத்தால் எல்லாக் கோரும் சேர்ந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. நிரல் எழுதுகிறவருக்கு ஒற்றைக் கோர் வேகம் முக்கியம். நிரல் எடிட்டர் எழுத்துக்கு எழுத்து அடுத்ததைப் பரிந்துரைப்பது, சின்ன பைத்தான் நிரல் ஓடுவது எல்லாம் பெரும்பாலும் ஒரு கோரின் வேலைதான்.

வடமராட்சியான்

நல்ல விளக்கம், நன்றி. நான் யாழ்ப்பாணப் பக்கம், என்ர அனுபவத்தையும் சொல்றன். 2022-இல் இங்க மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். என்னட்ட ஐ7-2600 இருந்தது. மின்சாரம் நின்றால் யுபிஎஸ் ஒரு கோப்பைச் சேமிக்கிற அளவுக்குத்தான் தாங்கும்.

பிறகு இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி ஒன்று எடுத்தனான். 2023 தொடக்கத்தில வந்த சில்லு, நாலு சின்னக் கோர், 6 வாட். பழைய 2600 ஒரு காலத்தில எல்லாரும் ஆசைப்பட்ட 95 வாட் சில்லு. எல்லாக் கோரும் சேர்ந்த வேகத்தில ரெண்டும் கிட்டத்தட்டச் சமம். அதே யுபிஎஸ்ஸில இப்ப ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யலாம். அந்த ரெண்டு மணித்தியாலம் எங்களுக்கு எவ்வளவு பெரிசு எண்டு அந்த வருசம் இருந்தவைக்குத் தெரியும்.

குறையும் சொல்ல வேணும். ரேம் ஒற்றைச் சானல், ஒரு இடத்தில மட்டும்தான் போடலாம். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கணினிக்குள்ளயே ஓடுற போலி ஃபோன்) ஓட்டிறதுக்கு இதை நான் சொல்ல மாட்டன், பிள்ளை சலிச்சுப் போடும்.

கணக்குப்பிள்ளை

மின்சாரம் என்றதும் கணக்கு போட்டுப் பார்த்தேன். எட்டாம்கருவின் ஜியான் பெட்டி சும்மா இருக்கும்போதே கார்டோடு சேர்த்து 80 வாட் இழுக்கும் என்று வைப்போம், 12100 பெட்டி 22 வாட். வித்தியாசம் 58. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 60 நாள்: ஏறக்குறைய 28 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். படி மாறும் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த 28 உறைக்கும், மற்றவர்களுக்குப் பெரிய தொகை இல்லை. 4790-க்கும் 12100-க்கும் இடையே வித்தியாசம் இதைவிடக் குறைவு. மின்கட்டணத்தை மட்டும் காரணம் காட்டி நல்ல 4790-ஐத் தூக்கிப் போட வேண்டாம்.

திண்ணைவானொலி

இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் "ஐ7-2600, 3.40 ஜிகாஹெர்ட்ஸ்". மதர்போர்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கிறது, எச்61 என்று எழுதியிருக்கிறது. விண்டோஸ் 11 போட்டே கொடுத்திருக்கிறார்கள். "நல்லாத்தானே ஓடுது சார்" என்கிறார்கள். உண்மையாகவே ஓடத்தான் செய்கிறது.

சால்டரிங்புகை

ஓடும், ஆனால் விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்க வைத்து நிறுவியிருக்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசனில் 2000 வரிசையிலிருந்து. ஐ7-7700கே-யே வெளியில்தான் நிற்கிறது. 2017-இல் 499 டாலருக்கு வந்த ரைசன் 7 1800எக்ஸ்கூட வெளியில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மூன்று வருடம் படிக்கப்போகும் பிள்ளைக்கு, அடுத்த பெரிய அப்டேட் வருமா வராதா என்று தெரியாத பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் மட்டும் போதும் என்றால் இந்தத் தடை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. அவற்றை அடைக்கப் போட்ட பேட்ச் பழைய சில்லுகளின் வேகத்தைக் கொஞ்சம் தின்றது. நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியதற்கும் பாதிப்பு கூடுதல் என்று மைக்ரோசாஃப்டே அப்போது சொன்னது. 2011-இல் எழுதிய விமர்சனத்தில் 2600-க்குப் போட்ட மதிப்பெண் இன்றைக்குக் கிடைக்காது.

அந்தப் புது எச்61 போர்டு என் மேசைக்கு அடிக்கடி வரும். சிப்செட் பழையது, போர்டு மட்டும் புது அச்சு. இந்தத் தலைமுறையில் என்விஎம்இ (வேகமான புதுவகை) எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யப் பயாஸில் (பெட்டியைத் துவக்கும் நிரல்) பெரும்பாலும் வழி இருக்காது. ஏதாவது போனால் டிடிஆர்3 ரேமுக்கும் 1155 சாக்கெட் (சில்லு பொருந்தும் இடம்) போர்டுக்கும் மறுபடி செகண்ட் ஹேண்டையோ இதே மாதிரிப் புது அச்சையோதான் தேட வேண்டும்.

இப்போது என் யோசனை. இந்த இரண்டையும் விடுங்கள், நடுவில் ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்த எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பெட்டிகள். ஐ5-8500 கிடைக்கிறதா கேளுங்கள்: 2018-இல் வந்தது, ஆறு கோர், 4.1 வரை டர்போ, 65 வாட். டிடிஆர்4 ரேம், பெரும்பாலான போர்டுகளில் என்விஎம்இ இடம், விண்டோஸ் 11 முறைப்படி. ஒற்றைக் கோரில் 12100-க்குப் பின்னால்தான், ஆனால் 16 ஜிபி ரேமோடு வாங்கலாம். 8 ஜிபி ரேம் போட்ட 12100-இல் எமுலேட்டரைத் திறந்தால் ரேம் நிரம்பிவிடும், சில்லு எவ்வளவு வேகமாக இருந்தாலும் டிஸ்க்கைப் பார்த்துக் காத்திருக்கும்.

வரிசைமாற்றி

ஆமோதிக்கிறேன். பட்ஜெட் கொஞ்சம் நீண்டால் மட்டும் 12100-ஐ 16 ஜிபியோடு வாங்கலாம். அந்த 1700 சாக்கெட்டில் பின்னாளில் பயாஸ் அப்டேட் செய்து பதின்மூன்றாம் தலைமுறை ஐ5 மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

லேப்டாப் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே பெயர் இன்னும் ஏமாற்றும். ஐ7-7500யு இரண்டே கோர். அடுத்த தலைமுறையின் ஐ5-8250யு அதே 15 வாட்டில் நான்கு கோர். ஏஎம்டியிலும் எண்ணை நம்ப முடியாது. ரைசன் 5 7520யு-க்குள் இருப்பது ஜென் 2 என்ற வடிவமைப்பு, 7530யு-க்குள் அடுத்ததான ஜென் 3. பத்தே எண் தள்ளி இருக்கிறது, உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம்.

திண்ணைவானொலி

மூன்று நாள் தேடி ஒரு ஐ5-8500 பெட்டி எடுத்துவிட்டோம். 16 ஜிபி, 512 என்விஎம்இ, ஒரு வருடக் கடை வாரண்டி, 19,000. மிச்சக் காசில் நல்ல கீபோர்டும் யுபிஎஸ்ஸும். வாங்குவதற்கு முன் அவளே கடையில் உட்கார்ந்து ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நிறுவி எமுலேட்டர் திறந்து பார்த்தாள். திருப்தி. அக்காவிடம் தலைமுறை எண் கதையைச் சொன்னேன், இப்போது அவளே பக்கத்து வீட்டுக்காரரிடம் "கோட்டுக்குப் பிறகு என்ன நம்பர்?" என்று கேட்கிறாள்.

ஒரே சந்தேகம்: ப்ராஜெக்ட் பில்ட் ஆகும்போது சூடு 88 டிகிரி காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

சால்டரிங்புகை

65 வாட் சில்லுக்கு 88 அதிகம். ஐந்தாறு வருட அலுவலகப் பெட்டி, கூலருக்கு அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். முதலில் வாரண்டிக் கடையில் கேளுங்கள், அவர்களே மாற்றித் தரலாம். நீங்கள் செய்வதானால் முதலில் ஐந்து நிமிடம் பெட்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு கூலரை எடுங்கள், இளகி வரும். பழையதை ஐசோப்ரொப்பைல் தொட்ட துணியால் துடைத்து, புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்குங்கள். மின்விசிறித் தூசியையும் பிரஷால் தட்டிவிடுங்கள்.

எட்டாம்கரு

நடுவில் ஒரு செய்தி. நண்பரின் 12400-இல் என் கிளிப்பை நேரடியாக டைம்லைனில் போட்டேன். ப்ராக்ஸி இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான்கு வருடமாக ராத்திரி ராத்திரியாகப் பெட்டியை ஓட விட்டிருக்கிறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு 12100 வாங்கிவிடுவேன். ஜியான் ரெண்டருக்கு மட்டும்.

திண்ணைவானொலி

பேஸ்ட் மாற்றியாயிற்று, மருமகளே செய்தாள், நான் டார்ச் பிடித்தேன். அதே பில்டில் இப்போது 67 டிகிரி.